பானெட்டை மூடிப் பார்

ஷெட் சுவரில் மெக்கானிக் பெயிண்டால் எழுதியிருந்த எண் இருநூற்று அறுபத்தொன்று. தெருவில் போகிறவர் கண்ணிலும் படுகிற அளவுக்குப் பெரிதாக எழுதியிருந்தான். பக்கத்து டயர் கடைக்காரர் அது என்ன எண் என்று கேட்டது ஒரு தடவை. இவன் விளக்கம் சொன்னது நாலு தடவை.

அது அவன் தங்கையுடைய காரின் குதிரைத்திறன். ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே கதவு, எவ்வளவு கழுவினாலும் பழசாகத் தெரிகிற நீலம். தங்கை டவுன் பஸ் டிரைவர். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ்ஸை மறந்துவிட்டு இந்தக் காரில் மலையேறும் பந்தயத்துக்குப் போவாள். வாங்கிய நாளிலிருந்து இதில் ஸ்பேனர் வைத்தது அண்ணன் ஒருவன்தான். மற்ற வண்டிகளுக்கு ஆயில் மாற்றியும் பிரேக் மாற்றியும் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். இந்த ஒரு வண்டிதான் அவனுக்கு வேலையாகத் தெரியாத வேலை.

போன வருடம் கடைசி வளைவில் இழுவை போதாமல் பின்தங்கினாள். "இந்தத் தடவையும் இப்படின்னா, பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிற கடைக்குக் கொண்டு போயிடுவேண்ணா. உறவு வேற, வண்டி வேற," என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அதற்காகத்தான் ஒரு மாதமாக உயிரைக் கொடுத்து உழைத்தான். புகை தடையில்லாமல் வெளியேற ஆறு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் வளைத்தான். சைலன்ஸரை அகலமாக்கினான். காற்று போகிற பழைய பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு மாதிரி திறந்த ஃபில்டர் போட்டான். எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரில் அளவுகளைத் திருத்தினான். பிறகு பவர் பார்க்கிற உருளை மேல் காரை ஏற்றி, பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய ஃபேனை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான். முப்பது குதிரை கூடியிருந்தது. அன்றைக்கே பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டான்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை மதியம் தங்கை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கூடவே அவள் புருஷன், ஆஸ்பத்திரி சமையல்காரர்.

"எப்படி இருக்கு பாப்பா?"

"முதல் தடவ பறந்துச்சு. ரெண்டாவது தடவ சோர்ந்துடுச்சு. மூணாவது தடவ கடைசி வளைவுல மிதிக்கிறேன், யாருக்கு வந்த விருந்தோன்னு கெடக்கு." சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள். "டயரா இருக்குமோண்ணா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் பழி டயர் கடைக்காரர் தலையில் விழுந்து, அவன் தப்பித்திருப்பான். நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"அன்னிக்கு மெஷின்ல நல்லாத்தானே ஓடுச்சு," என்றான்.

சமையல்காரர் உருளையையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்தார். "அது சரி மச்சான். எங்க கிச்சன்லயும் கதவத் தொறந்து வச்சு, மூஞ்சிக்கு நேரா இந்த சைஸ் ஃபேன் போடச் சொல்லுங்க. நானும் இருநூத்தி அறுபது பேருக்கு ஒத்த ஆளா சமைப்பேன்."

தங்கை சிரித்தாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. போய் பானெட்டைத் தூக்கி ஃபில்டர் மேல் கை வைத்தான். சுரீரென்று இழுத்துக்கொண்டான்.

மூடிய பானெட்டுக்குள் அந்தக் கூம்பு எஞ்சின் சூட்டையே மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது. சூடான காற்றைக் கண்டால் கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்றத் தீப்பொறியைத் தள்ளிப்போடும், இழுவிசை இறங்கிவிடும். அப்புறம் ஏற்றத்தில் எது இழுக்கும்? பானெட்டை மூடி, ஃபேனை அணைத்து, மறுபடி உருளையில் ஓட்டினான். வேலை தொடங்குமுன் இருந்ததைவிட நாலே குதிரை கூடுதல். ஒரு மாதத்து உழைப்பு நாலு குதிரை.

"டயர் இல்ல பாப்பா," என்றான். "பானெட்டைத் தொறந்து வச்சே பாத்துட்டேன். தப்பு என்னோடது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வண்டிய விட்டுட்டுப் போ."

அவள் கையிலிருந்த சாவியை மேஜையில் வைத்தாள். "நாளைக்குச் சாயங்காலம். அதுக்கு மேல இல்ல."

கழற்றி எறிந்த காற்றுப் பெட்டி மூலையில் கந்தல் துணி போடுகிற தொட்டியாகக் கிடந்தது. அதைக் கொட்டிக் கழுவி மாட்டினான். முன் பம்பருக்குப் பின்னாலிருந்து பெட்டி வரைக்கும் அகலமான ஹோஸ் இழுத்து, வெளிக்காற்று நேராகப் போக வழி செய்தான். எஞ்சின் சூடு படாமல் நடுவில் தகரம் மடக்கி வைத்தான். பானெட்டை மூடி ஓட்டினான். இருநூற்று நாற்பத்தேழு. ஆறவிடாமல் திரும்ப ஓட்டினான். ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் தங்கை மலைக்குப் போய்த் திரும்பியபோது மெக்கானிக் வாசலிலேயே நின்றிருந்தான்.

"பந்தயத்துல வரிசையில நிக்கிற மாதிரி, அடிவாரத்துல எஞ்சின ஓடவிட்டு ரொம்ப நேரம் நிறுத்தி வச்சேண்ணா. அப்புறம்தான் ஏத்துனேன்."

"ம்."

"இழுத்துச்சு. கடைசி வளைவுல நான்தான் ஆக்ஸிலேட்டர்லேருந்து கால எடுக்க வேண்டியதாப் போச்சு." சாவியை அவன் சட்டைப் பையில் போட்டாள். "காலைல நீயே ஓட்டிட்டு வந்துடு. டூல்பாக்ஸ மறந்துடாத."

கூட வந்த சமையல்காரர், புது எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சுவரைக் காட்டினார். "நாற்பத்தேழுன்னு சொல்றீங்க. அப்ப அந்த அறுபத்தொண்ணு யாரோடது மச்சான்?"

"அது ஃபேனோடது மாப்ள," என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் பெயிண்ட் டப்பாவைத் தேடப் போனான்.