எல்லை கடந்த கிணற்றுக்கல்

காலைக் கதிர் முதலில் தொடுவது மேற்கே நிற்கும் கொம்பு மலையின் இரட்டை முடிகளை. பின்னரே அது மெல்ல இறங்கிவந்து, எலெயூசி ஊரின் வெண்சுவர்களையும், கூலத்தாய் தெமெத்தரின் பெருங்கோயிற் கூரையையும், வாற்கோதுமை இளம்பச்சை காட்டி நிற்கும் வயல்களையும், சலமித் தீவு காற்றை மறித்துக் காப்பதால் குளம்போல் அடங்கிக் கிடக்கும் கடலையும் ஒவ்வொன்றாய்த் துயிலெழுப்பும். செந்தமிழ் தேர்ந்த அன்பர்களே, நெடுநாள் வாழ்ந்த ஊராதலின் அதனை மிகைப்படப் புகழ எனக்கு வாய் வரவில்லை. அங்கே தெய்வங்களுக்குக் குறைவில்லை, வழக்குரைப்போருக்கும் குறைவில்லை; குறைவு நல்ல தண்ணீருக்குத்தான். கோயிலருகே இருந்த கிணற்றை நோக்கி ஊர்ப்பெண்கள் விடியலிலேயே குடம் சுமந்து நடப்பதும், திரும்பி வருகையில் தெய்வங்களையும் கணவர்களையும் ஒருசேர ஏசுவதும் அவ்வூரின் அன்றாட நடைமுறை.

அவ்வாறு ஏசியவர்களுள் ஒருத்தி மெலித்தா. அவள் கணவன் அர்க்கியன், நான்கு விளைநிலமும் ஓர் ஒலிவத் தோப்பும் உடைய உழவன், மனைவியின் நச்சரிப்புக்கு ஆற்றாமல் தன் வீட்டு முற்றத்திலேயே கிணறு வெட்டத் தொடங்கினான். அவனுக்குத் துணையாய் நின்றவர் இருவர்: உடன்பிறந்த இளவல் கெபிசோன், இளமைதொட்டு அர்க்கியனோடு ஒரே கலத்தில் உண்டு, ஒரே போர் வரிசையில் தோளோடு தோள் நின்ற நண்பன் எர்மோன். கெபிசோன் இவ்விருவரையும் வேறுபாடின்றி 'அண்ணே' என்றே அழைத்து வளர்ந்தவன். மண் தோண்டி முடிந்து, ஊற்றும் கண்டு, இனிக் கிணற்றின் உட்சுவருக்குக் கல் அடுக்கும் வேலையே எஞ்சியிருந்தது. அர்க்கியன் அடியில் நின்று கல்லை வாங்குவான். எர்மோன் மேலிருந்து கயிற்றில் கட்டி இறக்குவான்.

அன்று புதுத்தேறல் சாடிகளைத் திறக்கும் திருநாள். கூதிர்காலத்தில் அடைத்து வைத்த திராட்சைத் தேறலை ஒவ்வொரு வீட்டாரும் வெளியே கொணர்ந்து, முதற்சொட்டைத் தெய்வத்துக்கு வார்த்து, யார் தேறல் சிறந்ததெனத் தெருவெல்லாம் வாதிட்டுக் களிக்கும் நாள். எர்மோனின் உள்ளம் கயிற்றில் இல்லை. தன் தோட்டத்துச் சாடியிலேயே இருந்தது.

"ஏய் எர்மோன், முடிச்சை ரெண்டாப் போடு. போன கல்லு ஒரு பக்கமா சாஞ்சு வந்துச்சு" என்று கிணற்றுக்குள்ளிருந்து அர்க்கியனின் குரல் வந்தது.

"போட்டாச்சு, போட்டாச்சு. கீழ நின்னுக்கிட்டு மாமியார் மாதிரி தொணதொணக்காத. உனக்கு முன்னாடி நான் சாடியைத் திறந்துருவேன்னு வயித்தெரிச்சல் உனக்கு."

"உன் தேறலா? அதைக் குடிச்சுத்தான் போன வருசம் உங்க வீட்டுக் கழுதை செவுத்துல மோதிச்சு."

இருவரும் நகைத்தனர். எர்மோன் போட்டது ஒற்றை முடிச்சு. கல் பாதி வழி இறங்கியதும் முடிச்சு நெகிழ்ந்தது.

கெபிசோனும் எர்மோனும் அர்க்கியனை மேலே ஏற்றிக் கட்டிலில் கிடத்தினர். நெஞ்செலும்பு நொறுங்கியிருந்தும் உயிர் இருந்தது. எர்மோன் மருத்துவரை அழைத்துவரக் கடற்கரைத் தெருவுக்கு ஓடினான். மருத்துவரோடு அவன் திரும்பியபோது, வாயிலில் சாவு வீட்டின் நீர்க்குடம் வைக்கப்பட்டிருந்தது. தெருவில் புதுத்தேறலின் களிப்பாரவாரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்நாட்டு அறம் இத்தகையது. வேண்டுமென்றன்றித் தவறுதலாய் ஒருவனைக் கொன்றவன் நாட்டைவிட்டு நீங்க வேண்டும். இறந்தவனின் குருதியுறவினர் மனமிரங்கி அழைக்கும் வரையில் எல்லைக்குள் அவன் கால் படலாகாது. கொன்றது கல்லோ மரமோ இரும்போ ஆயின், அப்பொருளையே ஏதென்சு மாநகரின் மன்றில் நிறுத்தி, தீர்ப்புரைத்து, எல்லைக்கு அப்பால் எறிந்துவிடுவர். கொன்றது எது என்பதைக் கல்லறையருகே ஈட்டி நட்டு உரைக்கும் கடமை இளவலுக்கு உரியது. எர்மோனுக்கோ முதிர்ந்த தாய் ஒருத்தி. அவளைக் காக்க வேறு மகனில்லை. அவன் நாடு நீங்கினால் தோட்டம் தூர்ந்துபோகும், தாய் பிறர் வாயிலில் நிற்பாள். முடிச்சு ஒன்றா இரண்டா என்பதோ, தன்னையன்றி உயிரோடிருக்கும் எவருக்கும் தெரியாது என்று அவன் நம்பினான். கல்லறையருகே ஊரார் நடுவில் நின்றபோது, தன் பெயர் வருமோ என்று அவன் அஞ்சினான்.

கெபிசோன் ஈட்டியை மண்ணில் ஊன்றினான். எர்மோனை ஒருகணம் ஊன்றி நோக்கினான்.

"எங்க அண்ணனைக் கொன்னது கிணத்துக் கல்லு. அது மேலதான் என் வழக்கு" என்றான்.

எர்மோன் வாய் திறக்கவில்லை. தப்பினோம் என்று மகிழ்ந்தான் என்பதை மறைப்பதில் பயனில்லை. அம்மகிழ்ச்சியை நினைத்து அன்றிரவே நாணினான் என்பதும் உண்மை. அன்றுமுதல் கெபிசோனின் வாயில் 'அண்ணே' என்னும் சொல் வரவில்லை. துயரத்தில் இருக்கிறான் என்று எர்மோன் தனக்குத் தானே ஆறுதல் கூறிக்கொண்டான்.

தீர்ப்பு நாளில் கல்லை ஏதென்சுக்கு ஏற்றிச் செல்ல வேண்டும்; ஊரிலேயே வலிய கோவேறு கழுதைகள் எர்மோனுடையவை. "உன் கழுதை ரெண்டையும் பூட்டு" என்று மட்டும் கெபிசோன் சொன்னான். அந்நகரின் பொது அடுப்பு அணையாது எரியும் மன்றின் முன்னே, வேந்தர் என்னும் பெயர் தாங்கிய நடுவர் குலத்தலைவர்களோடு அமர்ந்திருக்க, கல் வண்டியோடு நிறுத்தப்பட்டது. கல்லின் சார்பில் பேசுவார் உண்டோ என்று அறிவிப்போன் முறைப்படி மும்முறை உரக்கக் கேட்டான்.

"தன் மேல வழக்கு வந்தும் வாயத் தொறக்காம நிக்கிற மொத ஆளை இந்த ஊர்ல இன்னைக்குத்தான்யா பாக்குறேன்" என்றான் வேடிக்கை பார்க்க வந்த மீன் விற்போன் ஒருவன்.

"வாயத் தொறந்தா உன் மீனு நாத்தம் உள்ள போயிருமேன்னு இருக்கும்" என்றான் மற்றொருவன்.

கூட்டம் நகைத்தது. நடுவரும் தாடியைத் தடவுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார். எர்மோன் கழுதைகளின் கடிவாளத்தைப் பற்றியவாறு நின்றான். பேசுவார் உண்டோ என்ற கேள்வி தன்னையே நோக்கி வந்ததுபோல் இருந்தது. கல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

கோயிற் பெருவழியே திரும்பி, எலெயூசியைக் கடந்து, கொம்பு மலையின் அடிவாரத்தில் மெகாரர் நாட்டின் எல்லைத்தூண் நிற்கும் இடத்தை அவர்கள் அடைந்தபோது மறுநாள் நண்பகல். வழிநெடுக இருவரும் பேசியது கழுதைகளோடு மட்டுமே. ஒலிவக் கட்டையை நெம்புகோலாய்க் கொடுத்துக் கல்லைப் புரட்டினர். அது தூணைக் கடந்து, மணப்புல் புதரை நசுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் அமர்ந்தது. கெபிசோன் கையைத் தட்டிக்கொண்டு இப்பக்கம் வந்து கழுதைகளைத் திருப்பினான். எர்மோன் வரவில்லை. அப்பக்கமே நின்றவன், பின்பு அக்கல்லின் மீதே அமர்ந்துவிட்டான்.

"என்ன, கல்லுக்குத் துணை இருக்கப் போறியா?"

"ஆமா. வண்டியை நீயே ஓட்டிட்டுப் போ. கழுதைகளை எங்கம்மாகிட்ட விட்டுரு. தோட்டத்தை யாருக்காவது வாரத்துக்கு விடச் சொல்லு, அவங்க கஞ்சிக்கு ஆகும்."

கெபிசோன் கடிவாளத்தைப் பற்றியபடி நின்றான். கழுதை ஒன்று தலையைச் சிலுப்பியது.

"கெபிசோன், நான் ஒத்தை முடிச்சுதான் போட்டேன். அவன் ரெண்டு போடச் சொன்னான். போட்டாச்சுன்னு பொய் சொன்னேன். சாடி திறக்கணும்னு அவசரம் எனக்கு. மன்றத்துல இந்தக் கல்லு நின்ன எடத்துல நான் நின்னிருக்கணும்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். நீ வைத்தியரைக் கூட்டியார ஓடுனப்பவே அண்ணன் சொல்லிட்டாரு. 'அவன் மேல பழி போடாதீங்க, நான் விட்டுட்டேன்'னாரு. அண்ணியும் நானும்தான் கேட்டோம். சாகப்போறவரே விட்டுட்டா, ஒறவுக்காரன் கேக்க முடியாது, அதுதான் சட்டம். அதனாலதான் கல்லைச் சொன்னேன்."

எர்மோனின் கண்கள் நிறைந்தன. நண்பனின் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். "இத்தனை நாளும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றான்.

"நீ சொல்லுவியான்னு பாத்தேன். ஈட்டி நட்டப்ப பாத்தேன், மன்றத்துல பாத்தேன், வழியெல்லாம் பாத்துக்கிட்டே வந்தேன். கல்லைத் தள்ளிட்டு நீ பேசாம வண்டியில ஏறியிருந்தா, சாகுற வரைக்கும் இதை நான் சொல்லியிருக்க மாட்டேன். சரி, எந்திரி. கெணறு பாதியில நிக்குது. அண்ணி இன்னும் கோயில் கெணத்துக்குத்தான் நடக்குறாங்க."

"நீ மன்னிச்சிட்டியா?"

"அண்ணன் மன்னிச்சாரு. நான் கழுதையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வா."

எர்மோன் எழுந்து தூணைக் கடந்து வந்தான். அவ்வேனிலிலேயே கிணறு முடிந்தது. இம்முறை அடியில் நின்றவன் எர்மோன். மேலிருந்து கயிறு கட்டியவன் கெபிசோன். ஒவ்வொரு கல்லும் இறங்குகையில் எர்மோன் மேலே நோக்கவுமில்லை, முடிச்சைப் பற்றிக் கேட்கவுமில்லை. கல்லை மட்டும் கைநீட்டி வாங்கினான். நீர் சற்றே உவர்ப்பு. ஆயினும் மெலித்தா அதன்பின் கோயிற் கிணற்றுக்குப் போகவில்லை.

மறு ஆண்டும் சாடி திறக்கும் திருநாள் வந்தது. தெருவார் முற்றங்களில் தேறல் மணம் எழுந்தது. எர்மோனின் சாடி மட்டும் திறவாமல் இருந்தது. அதனை அப்படியே கூடையில் வைத்து, தேனும் கூலக்களியும் உடன்வைத்து, அர்க்கியனின் கல்லறைக்கு அவனும் கெபிசோனுமாய் ஆளுக்கொரு காதைப் பற்றித் தூக்கிச் சென்றனர். மெலித்தா பின்னே வந்தாள். அன்பர்களே, கல்லுக்கும் அறம் உரைத்து நாடு கடத்திய அம்மக்களின் மன்றுகள் இன்று மண்மேடாயின. கொம்பு மலையடியில் அக்கல் எங்கே புதைந்ததென்று காட்டுவாரும் இல்லை. மனிதன் மனிதனை விடுவிப்பதற்கு மட்டும் எந்த மன்றமும் நாள் குறித்ததில்லை. மேட்டில் ஏறுகையில் கூடை ஒருபுறம் சாய்ந்தது. கெபிசோன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"அண்ணே, அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."