கொழுப்புக்குழி

அந்த சிப்ஸ் ஃபேக்டரியில் ஃபிட்டருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவன் அக்கா புருஷன்தான். மாமாவுக்கு ஃபேக்டரியின் பின்பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டிகள் பொறுப்பு. வறுவல் பகுதியைக் கழுவிவிடும் எண்ணெய்த் தண்ணீர் முதலில் மூடிபோட்ட ஒரு குழிக்கு வரும். கொழுப்பு அங்கே மேலே மிதந்து தங்கிவிட, அடியிலுள்ள குழாய் வழியாக மிச்சத் தண்ணீர் பெரிய தொட்டிக்குப் போகும். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மீதி அழுக்கைத் தின்று தீர்க்கும். அதுகளுக்கு மூச்சுவிட ராப்பகலாக மோட்டார் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும்.

மாமா அதுகளைப் 'பூச்சிங்க' என்பார். தொட்டி ஓரத்திலேயே டிபன் டப்பாவைத் திறப்பார்.

"இந்த நாத்தத்துல எப்படி மாமா சாப்பாடு இறங்குது?"

"நாத்தம் எங்கடா அடிக்குது? பூச்சிங்க நல்லா இருந்தா மழை பெஞ்ச மண்ணு வாசம்தான் வரும். அதுவும் உங்க அக்கா மாதிரியா? எதப் போட்டாலும் குத்தம் சொல்லாம தின்னும்."

இதை அவன் வீட்டில் போட்டுக்கொடுப்பான். அக்கா கரண்டியோடு வந்து நிற்பாள். மாமா சிரித்தே மழுப்பிவிடுவார்.

ஒருநாள் யாரோ வறுத்து முடித்த எண்ணெயை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிட்டார்கள். அது குழியில் உறைந்து அடிக்குழாயை அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த தண்ணீர் நிரம்பி, எண்ணெயும் கொழுப்புமாகக் கரை தாண்டிப் பெரிய தொட்டிக்குள் வழிந்தது. ஃபிட்டர் போய்ப் பார்த்தபோது தொட்டி மேலே வெள்ளை ஏடு படர்ந்திருந்தது.

"மூச்சு முட்டிச் சாவுதுங்கடா," என்றார் மாமா. அவர் முகம் வெளிறியிருந்தது.

பம்பு வைத்துக் குழித் தண்ணீரை முழங்காலளவுக்கு வற்றும்வரை இறைத்தார்கள். கம்பியால் மேலிருந்து குத்தியும் அடைப்பு அசையவில்லை.

"இறங்காதீங்க மாமா. விஷ கேஸ் இருக்கான்னு பாக்குற மெஷின் ஸ்டோர்ல இருக்கு, எடுத்துட்டு வந்துடுறேன்."

"சரி, ஓடு."

அவன் ஓடினான். மெஷினும் கயிறுமாகத் திரும்பியபோது குழி ஓரத்தில் மாமாவின் செருப்பு மட்டும் கிடந்தது. உள்ளே அவர் குப்புறக் கிடந்தார்.

அவன் ஏணியில் கால் வைத்துவிட்டான். காவலாளி பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "நீயும் போயிடுவடா! நீயும் போயிடுவ!" அவன் அவர் கையைக் கடித்தும் அவர் விடவில்லை. தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டு இறங்கி மாமாவைத் தூக்கியபோது உடம்பில் உயிர் இல்லை.

அக்கா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. வீட்டுக்குப் போனால் தட்டு வைத்துப் பரிமாறுவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், பாத்திரம் தேய்த்துக்கொண்டே முதுகைக் காட்டியபடி கேட்டாள்.

"அவரோட பூச்சிங்க என்னாச்சு?"

"செத்துப்போச்சுக்கா. வேற ஃபேக்டரித் தொட்டியிலருந்து லாரில கொண்டுவந்து ஊத்துனாங்க. இப்ப பெருகிடுச்சு."

அவள் கை நின்றுவிட்டது. "லாரில கொண்டுவரலாமா?"

"ம்."

"அவருக்கு அது தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரியும்கா."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பாவி மனுஷா," என்றாள். அதற்குமேல் அழுகைதான். அவன் சாப்பிட்ட கையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னைத் திட்டுக்கா. நான் அவரை விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

"உன்னை ஏன்டா திட்டணும்?" முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "அன்னைக்குச் சேதி வந்ததும் உன்னைத்தான் முதல்ல கேட்டேன். நீ மேலதான் நிக்கிறேன்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சுடா. அவர் செத்துக் கிடக்காரு, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. உன்னைப் பாக்குறப்பல்லாம் அதான் ஞாபகம் வருது."

அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. வெயில் இறங்கும்வரை இருவரும் அசையவில்லை.

அந்தத் தொட்டிகளை இனி நீயே பார்த்துக்கொள் என்று மேனேஜர் சொன்னபோது ஃபிட்டர் முடியாதென்று சொல்லிவிட்டான். புதிதாக ஒருவர் வந்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் சாப்பிட மட்டும் கேன்டீனுக்குப் போய்விடுவார்.