முழுப்பக்கம்

கொத்தனார் பழனிவேல் என் சுட்டுவிரலைப் பிடித்துச் சுவர் விரிசலுக்குள் விட்டார். பாதி விரல் உள்ளே போய்விட்டது.

"மாடி மேல மாடி ஏத்திகினே போறாங்க சார். கீழ பழைய அஸ்திவாரங்க. மழ புடிச்சா நிக்காது. பூசி மறைங்கறாங்க, நான் மாட்டேன்னுட்டேன்."

மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளி, அதில் ஒன்றாம் வகுப்பு அறை. கோடை விடுமுறை என்பதால் காலியாகக் கிடந்தது. நாலு படம் எடுத்தேன். மதியமே செய்தியை எழுதி நிருபர்கள் சங்க வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இங்கே வழக்கம் அதுதான். ஒருவர் எழுதுவார், ஏழு பத்திரிகையிலும் அதுவே வரும். சங்கம் வேண்டாம் என்றால் யாரும் தனியாகப் போடக் கூடாது. அதற்குப் பெயர் கட்டுப்பாடாம்!

ஐந்தே நிமிடம். சங்கச் செயலாளர் சசிகுமார் அதை அழித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வளவா, அத எவனும் போடல. ஸ்கூல்ல பேசி முடிச்சாச்சு. அட்மிஷன் விளம்பரம் எல்லாருக்கும் வருது. ஒனக்கு முழுப்பக்கம்யா!"

"புள்ளைங்க ஒக்கார்ற எடம்ணே."

"பூசிடுவாங்கப்பா. ஆபீஸ்ல விளம்பரம் எங்கன்னு கேட்டா விரிசலையா காட்டுவ?"

எனக்கு நிருபர் அட்டை உண்டு, சம்பளம் கிடையாது. விளம்பரம் பிடித்தால் கமிஷன், பிடிக்காவிட்டால் அட்டையும் போய்விடும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பள்ளிக்குப் போனேன். தாளாளர் கொடுத்த காபியைக் குடித்தேன். 'பாதுகாப்பான சூழல்' என்ற வரியை நானேதான் எழுதிக் கொடுத்தேன்.

விளம்பரம் வந்து பத்து நாள் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்தால் மகள் எழில்மதி புதுச் சீருடையில் சுற்றிச் சுற்றி ஆடுகிறாள்.

"எங்க சேத்த?" என்றேன் மனைவி சங்கீதாவிடம்.

"ஒங்க பேப்பர்ல முழுப்பக்கம் வந்துச்சே, அங்கதான். எங்க ஷிப்ட்லயே நாலு பேரு சேத்துட்டாங்க. சீட்டு தீந்துடும்னாங்க, கம்மல வச்சிக் கட்டிட்டேன். நீங்க போட்டதுல பொய்யா இருக்கப் போவுது?"

சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. இப்படியே பள்ளி திறக்கும் திங்கட்கிழமை வந்துவிட்டது.

காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. ஒன்றாம் வகுப்புச் சுவரில் புதுப் பூச்சு, மஞ்சள் பெயின்ட், பெரிய யானைப் படம். யானையின் முதுகில் மயிரிழை போல ஒரு கோடு. அதற்கு நேர் கீழே, முதல் பெஞ்சில் உட்கார்ந்து எழில்மதி எங்களுக்குக் கையாட்டினாள்.

சங்கீதாவின் விரலைப் பிடித்து அந்தக் கோட்டில் வைத்தேன். அவள் நகம் உள்ளே போனது. வெளியே தூற ஆரம்பித்திருந்தது. அவள் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.