கதவின் கீழ் மூலையில்

மூன்றாம் முறை தட்டியும் கதவு திறக்கவில்லை. அவள் காதைக் கதவருகே கொண்டுபோனாள். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. மரப்பலகைக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக, யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கரண்டு மீட்டர் பாக்க வந்திருக்கேங்க."

மூச்சு நின்றது. எவ்வளவு நேரம் ஒருவரால் அப்படி அடக்கிவைத்திருக்க முடியும் என்று அவள் மனதுக்குள் எண்ண ஆரம்பித்து, இருபதைத் தாண்டியதும் பயந்துபோய் நிறுத்திக்கொண்டாள். பிறகு சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, குனிந்து, கதவின் கீழ் மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டாள்.

அந்த வட்டம் அவள் கண்டுபிடித்ததுதான். அந்தப் பக்கத்து வீடுகளில் மீட்டர் கதவுக்கு உள்ளே, மாடிப்படிக்கு அடியில் இருக்கும். ஆள் இல்லாத வீட்டைத் தாளில் குறித்துவைத்தால் வியர்வையில் எழுத்து கரைந்துவிடுகிறது என்று ஐந்து வருடத்துக்கு முன் கதவிலேயே வட்டம் போட ஆரம்பித்தாள். திறக்காத வீடு, மூன்று நாள் கழித்து மறுபடி வரவேண்டும் என்று அர்த்தம். பார்த்து முடித்ததும் கையால் துடைத்துவிடுவாள். அலுவலகத்தில் மற்ற இரண்டு பேரும் அதைப் பழகிக்கொண்டார்கள். யாரும் தான் குடியிருக்கும் தெருவில் மீட்டர் பார்க்கக் கூடாது என்பது அலுவலக விதி. அதனால் அவள் தெருவுக்கு, அவள் அண்ணே என்று கூப்பிடும் மூத்த ரீடர் வருவார். அத்தனை வருடத்தில் ஒருவர்கூட அந்த வட்டத்தைக் கவனித்ததில்லை.

நோய் வந்த பிறகு கவனித்தார்கள்.

காய்ச்சலில் கிடப்பவர் எழுந்துவந்து கதவு திறப்பதில்லை. திறக்காத கதவில் வட்டம் விழுகிறது. இரண்டு மூன்று நாளில் அந்த வீட்டு வாசலில் ஆஸ்பத்திரி வேன் வந்து நிற்கிறது. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஆனால் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு முதலில் வட்டம் தெரிந்தது, பிறகு வேன் தெரிந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாருடைய போனிலும் படங்கள் சுற்றின. கூட்டிப்போக வேண்டிய ஆளை முன்கூட்டியே குறித்துவைக்கிறார்கள், வட்டம் விழுந்த வீட்டிலிருந்து வேனில் போனவர் யாரும் திரும்புவதில்லை என்று கூடவே செய்தியும் வந்தது. படங்களில் பாதி அவள் போட்ட வட்டங்கள். தன் கையெழுத்தைப் பார்ப்பது மாதிரி அடையாளம் தெரிந்தது. மீதிப் பாதி அவள் போட்டவையல்ல. அவற்றை அலுவலகத்தில் மற்ற இருவர் போட்டார்களா, வேறு யாராவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏழாவது தெருவுல மட்டும் ஒம்போது வட்டம்," என்றாள் வீட்டில் அவள் அக்கா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். அக்கா ஒரு துணிக்கடைக்கு, சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். இப்போது சட்டைகள் வருவதில்லை என்பதால் முகக்கவசம் தைத்தாள். "ஒம்போதுல ஆறு பேர் வேன்ல போயாச்சு. நீ அந்தப் பக்கந்தானே போற, கண்ணுல படலையா?"

"படலை," என்றாள் தங்கை.

வட்டம் போடுவது தான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆறு பேர் என்ற எண் அதைத் திரும்ப உள்ளே தள்ளியது.

அக்காவின் போனில் தினமும் காலையில் ஒரு குரல் வரும். முகம் கிடையாது, பெயர் கிடையாது, குரல் மட்டும். 'வணக்கம் சகோதரி, ராத்திரி தூங்குனீங்களா?' என்று ஆரம்பிக்கும். பிறகுதான் வட்டத்தைப் பற்றி, ஊசியைப் பற்றி, வேனுக்குள் நடப்பதைப் பற்றி மெதுவாக, அவசரமே இல்லாமல் பேசும். அடுப்படியில் நின்று கேட்டால் வீட்டுக்குள் ஒரு ஆண் உட்கார்ந்து அக்காவுடன் பேசிக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

"யாருன்னே தெரியாதவன் சொல்றதை நம்புறியேக்கா."

"ஆஸ்பத்திரிக்குப் போனேனே, ஒருத்தியாவது என் மூஞ்சியைப் பாத்தாளா? தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னா. இவராவது தூங்குனியான்னு கேக்குறாரு."

"ஊசியாவது போட்டுக்கயேன்."

"நாள் பூரா ஊசியோட குடித்தனம் நடத்துறவ நான். அது நுழையுற இடமும் தெரியும், வெளிய வர்ற இடமும் தெரியும். எனக்கே ஊசி குத்த வந்துட்டா பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அக்காவுக்கு இருமல் ஆரம்பித்தது.

நான்காம் நாள் விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் எண்பத்தாறு என்று காட்டியது. மத்தியான வெளிச்சத்தில் அக்காவின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. வேனைக் கூப்பிடுகிறேன் என்றதும் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேன் வேணாம்டி. போனவங்க வந்ததில்ல."

அவள் கட்டிலருகே மண்டியிட்டாள். "அக்கா, நான் சொல்றதைக் கேளு. அந்த வட்டத்தை நான்தான் போட்டேன். திறக்காத வீட்டுக்கு அடையாளம். அவ்வளவுதான்." பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபப்படவில்லை. தலையில் அடிபட்ட குழந்தையைப் பார்ப்பது போலத் தங்கையைப் பார்த்தாள்.

"நீ போடலடி," என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியபடி. "உன்னைப் போட வச்சிருக்காங்க. உனக்கே தெரியாம."

தங்கை முதல் வட்டத்தை எந்தக் கதவில் போட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. ஏன் வட்டம்? ஒரு கோடு போட்டிருக்கலாமே. பெருக்கல் குறி போட்டிருக்கலாமே.

தலையை உதறிக்கொண்டு வேறு வழியில் போனாள். "சரி. அப்படியே இருக்கட்டும். நம்ம கதவுல வட்டம் இருக்கா? காலையில பால் வாங்கப் போனப்ப பாத்தேன். இல்ல. வட்டம் இல்லாத வீட்டு ஆள் திரும்பி வந்துடுவாங்கதானே?"

"நான் கண்ணால பாக்கணும்."

"பாரு. பாத்துட்டு ஏறு."

வீட்டுக்குள் பேசுமளவுக்குச் சிக்னல் கிடைக்காது. மொட்டைமாடிக்குப் போய் ஒரு மணிநேரம் போனைக் காதில் வைத்துக் கெஞ்சினாள். கடைசியில் ஒரு வேன் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். இறங்கி வந்து அக்காவைத் தூக்கி நிறுத்தினாள். மாடிவீட்டுப் படியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து அக்கா இறங்க, இவள் முன்னால் போய்த் தெருக்கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள்.

கதவின் கீழ் மூலையில் வட்டம் இருந்தது.

புதிதாக, தூள் உதிர, அவள் போடும் அதே அளவில். "நீ மொட்டைமாடில இருக்கறப்ப யாரோ தட்டுனாங்கடி," என்று படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் திறக்கல." அவளுக்கு எல்லாம் விளங்கியது. அண்ணே வந்திருக்கிறார். தட்டியிருக்கிறார். போன் போட்டுப் பார்த்திருப்பார், அவள் போன்தான் ஒரு மணிநேரமாக ஓயவில்லையே. கடைசியில் அவளிடம் கற்றுக்கொண்டதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். விளங்காதது ஒன்றுமில்லை. ஆனாலும் அவளுக்குள் ஏதோ ஒன்று கதவைச் சாத்திக்கொண்டது. ஆறு பேர், ஆறு பேர் என்று அது முனகியது. என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் அவள் மண்டியிட்டுச் சட்டைக் கையால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

அக்கா கடைசிப் படியில் நின்றிருந்தாள். மாதக்கணக்கில் தூசி படிந்த கதவில் சாக்பீஸ் போய்விட்டது. ஆனால் தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று, முன்பைவிடப் பெரிதாக, வட்டமாகத் தெரிந்தது.

"ஒண்ணுமில்லக்கா. அண்ணே வந்துட்டுப் போயிருக்காரு. சும்மா சாக்பீஸ் கோடுதான்."

"சும்மான்னா ஏன் அழிச்ச?"

அக்கா சாக்பீஸ் தூளில் வெளுத்த அவளுடைய சட்டைக் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், இத்தனை நாளும் தன் பயத்தில் தனியாக இருந்தவளுக்குக் கடைசியில் துணை கிடைத்துவிட்ட நிம்மதி இருந்தது.

தெருமுனையில் வேன் திரும்பியது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அக்கா சுவரைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து, அந்தச் சுத்தமான வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். அப்படியே நின்றாள். வேன் வாசலில் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. தங்கை அக்காவின் இன்னொரு கையைப் பிடித்து இழுத்தாள். கதவின் மேலிருந்த கை வரவில்லை.