சிங்கம் உட்கார்ந்த ஜன்னல்

மருத்துவமனையில் எல்லாரும் வேடம் போட்டு விளையாடப் போகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்ததும் மற்றவர்கள் கேலி பேசினார்கள். மருந்தாளுநர் மட்டும் அதை இரண்டாம் தடவை படித்தாள். போன மாதம் ஐந்து மில்லிகிராம் எழுதியிருந்த சீட்டுக்கு ஐம்பதை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். நோயாளி இரண்டு நாள் படுத்து எழுந்தார், நல்லவேளை. அன்றிலிருந்து அவளுக்கு உள்ளறையில் பெட்டி அடுக்கும் வேலை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குத் திரும்பலாமா கூடாதா என்று இன்று மாலை பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். நர்ஸுகள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிங்கம்.

நடந்த தவறு ஒன்றை ஆள் மாற்றி நடித்துப் பார்க்க வேண்டும், இதுதான் விளையாட்டு. அதை நடத்திய தலைமை நர்ஸ் லேசுப்பட்டவளா? மதியம் மூடிய மருந்து ஜன்னலில் சிங்கத்தையே உட்கார வைத்தாள். மருந்தாளுநரை நோயாளியாக வரிசையில் நிறுத்தினாள்.

"பத்து நிமிஷத்துல முடிச்சுடலாம்" என்றார் டாக்டர். ஏழு பேர் சீட்டை நீட்டினார்கள். தொலைபேசி அலறியது, மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும் என்பது அவரே போட்ட உத்தரவு. ஒரு கையால் அதை எடுத்து, மறு கையால் மருந்தாளுநரிடம் ஒரு பெட்டியைத் தள்ளினார்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். சீட்டைத் திரும்பப் பார்த்தாள். சாயங்காலம் கையெழுத்துப் போடப் போகிறவரிடம் இதைச் சொல்வதா?

"சார், சீட்டுல அஞ்சு இருக்கு. நீங்க அம்பது குடுத்திருக்கீங்க."

டாக்டர் தொலைபேசியைக் கீழே வைத்தார். ஐந்து மில்லிகிராம் பெட்டியையும் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே நீலம். போன் வேற உயிரை வாங்குது. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்களை என்ன கேட்டேன்?"

"கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேட்டீங்க சார்."

"எனக்கும் அவிஞ்சுதான் போச்சு போல."

அப்போது இரவு முறை மருந்தாளுநர் வரிசையிலிருந்து முன்னால் வந்தார். "நானும் ரெண்டு தடவை மாத்தி எடுத்திருக்கேன் சார். கடைசி நேரத்துல பார்த்துட்டேன். பயத்துல சொல்லல." இன்னொருத்தியும் கை தூக்கினாள். ஒரு மாதமாகத் தனியாகச் சுமந்ததை இத்தனை பேர் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்களே என்று நோயாளியாக நின்றவளுக்குக் கண் நிறைந்தது. அந்தத் தலைமை நர்ஸைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

தொலைபேசி அப்போதே உள்ளறைக்குப் போனது. ஐம்பது மில்லிகிராம் பெட்டிகள் வேறு அலமாரிக்குப் போயின. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வந்து உட்காருங்கம்மா."

அவள் உட்கார்ந்தாள். அவர் சுற்றிக்கொண்டு வெளியே போய், வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்ததும் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அது விளையாட்டுச் சீட்டு இல்லை. அவருடைய இதய மாத்திரைக்கானது.

"நீங்களே எடுத்துக் குடுங்க" என்றார்.