ஒரு நாள் வேலை

ஜமுனாமரத்தூர் கடைத்தெரு முடிகிற இடத்தில் குமரேசனும் அவன் அக்கா புருஷன் சின்னக்குழந்தையும் பதினோரு வருஷமாகப் பட்டறை நடத்தினார்கள். மலைக்கு மேலே ஓடும் டிராக்டர்களும் ஜீப்புகளும் பழுதானால் அங்கேதான் வரும். பட்டறையில் பேரிங்குகளை அழுத்தி ஏற்றவும் கழற்றவும் ஒரு ஹைட்ராலிக் பிரஸ் இருந்தது. ஆளுயர இரும்புச் சட்டம், மேலே ஜாக்கி, நடுவில் சாமானை வைக்கக் கனமான ஒரு குறுக்குச் சட்டம். அதை அவர்கள் பெட்டு என்பார்கள். சாமானின் உயரத்துக்குத் தக்கபடி பெட்டை ஏற்றி இறக்க வேண்டும். ஆளுக்கொரு முனையைத் தூக்கிப் பிடித்து, சட்டத்தின் துளைகளில் தடித்த இரும்புப் பின்களைச் செருகுவார்கள். மேலே பேரிங் பிளேட்டும் கிடந்தால் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது.

சித்திரையில் ஒரு நாள், டிராக்டர் வீல் ஹப் ஒன்றுக்காகப் பெட்டை ஒரு துளை இறக்க வேண்டியிருந்தது. சின்னக்குழந்தை தன் பக்கத்துப் பின்னை உருவிவிட்டு, அந்த முனையை இடது தோளில் தாங்கிக்கொண்டு, வலது கையால் கீழ்த்துளையில் பின்னைச் செருகிக்கொண்டிருந்தார்.

"இரு," என்றார்.

அந்த நேரம் குமரேசனின் போன் அடித்தது. காலையிலிருந்து இல்லாத சிக்னல் அப்போதுதான் வந்திருந்தது. ஹப் ஆச்சா என்று டிராக்டர்காரர் போனில் கத்தினார். குமரேசன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பெட்டைப் பிடிக்காமலேயே தன் பக்கத்துப் பின்னை உருவினான். அவன் முனை தடாலென்று இறங்கியது. அந்த அதிர்வில் மறுமுனை சின்னக்குழந்தையின் தோளிலிருந்து நழுவி அவர் வலது கைமேல் விழுந்தது.

அமிர்தி வழியாக ஜீப்பில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். துண்டில் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அவர் பல்லைக் கடித்தார். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"இன்னா ஆச்சு?" என்று அக்கா கல்பனா ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டபோது, "பின்னு தானா கழண்டுக்கிச்சுக்கா," என்றான் குமரேசன். கதவுக்கு உள்ளே கட்டிலில் கிடந்த சின்னக்குழந்தை அதைக் கேட்டு அவனைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூன்று மாதம் பிரஸ் சும்மா கிடந்தது. பிரஸ் வேலைகளைக் குமரேசன் போளூருக்கு அனுப்பினான். ஆடியில் ஒரு திங்கட்கிழமை பட்டறையின் முன்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். மூலையில் ஒரு பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய, கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கை வின்ச் கிடந்தது. அதைப் பிரஸ்ஸின் பக்கவாட்டில் வெல்டிங் வைத்தான். மேல் சட்டத்தில் இரண்டு கப்பிகளை மாட்டினான். கம்பிக் கயிற்றை அவற்றின் வழியே இறக்கிப் பெட்டின் இரு முனைகளிலும் கொக்கி போட்டான். கைப்பிடியைச் சுற்றினால் பெட்டு மட்டமாக ஏறியது. கையை விட்டாலும் வின்ச்சின் பல் பிடித்துக்கொண்டது. பெட்டு அசையாமல் நின்றது.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனான்.

"மாமா, ஒரு தபா பட்டறைக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்."

சின்னக்குழந்தை சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான்களைக் கல்பனா போட்டுவிட்டாள். இருவரும் பட்டறைக்கு நடந்தார்கள்.

சின்னக்குழந்தை பிரஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்தார். வெல்டிங்கை விரலால் தடவினார். பிறகு இடது கையால் கைப்பிடியைச் சுற்றினார். பெட்டு ஏறியது. ஒற்றைக் கையாலேயே இரண்டு பக்கத்துப் பின்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகினார்.

"எத்தினி நாளு ஆச்சு இத செய்ய?"

குமரேசன் தரையைப் பார்த்தான். "ஒரு நாளு."

"வின்ச்சு?"

"நம்ம மூலையில கெடந்ததுதான்."

சின்னக்குழந்தை தலையாட்டினார். கீழே கிடந்த பேரிங் பிளேட்டின் மேல் உட்கார்ந்து, கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினோரு வருசமா தூக்கனோம்," என்றார்.

குமரேசன் அவர் எதிரில் குந்தினான். "மாமா, பின்னு தானா கழலல. நாந்தான் உருவிட்டேன்."

"தெரியும்."

"அக்காகிட்ட சொல்லிட்றேன்."

"வாணாம். அவளுக்குக் கூடப் பொறந்தவன்னு நீ ஒருத்தன்தான் கீறே." எழுந்துகொண்டே சொன்னார்: "நாளைக்கி வர்றேன். வூட்ல குந்திக்கினு இருக்க முடியல."

மன்னித்துவிட்டார் என்று குமரேசன் நினைத்தான். மறுநாள் வந்தார். மதியம் ஒரு ஜீப் ஆக்ஸிலுக்குப் பேரிங் ஏற்ற வேண்டியிருந்தது. குமரேசன் ஆக்ஸிலைத் தூக்கிக்கொண்டு பிரஸ் பக்கம் வந்தான். சின்னக்குழந்தை கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். சுற்றவில்லை.

"அத கீழ வெச்சிட்டு நீ வெளிய போ."

"மாமா, நான் சும்மா ஓரமா..."

"போடா."

குரலில் கோபமில்லை. அவர் கண் மட்டும் பெட்டின் மறுமுனைப் பின்னை விட்டு அகலவில்லை. குமரேசன் ஆக்ஸிலை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அன்றிலிருந்து அப்படித்தான். பெட்டு நகர வேண்டிய ஒவ்வொரு முறையும் குமரேசன் ரோட்டோரம் போய் நிற்கிறான். வண்டிக்காரர்கள் ஏன் என்று கேட்டால், "பீடி புடிக்க," என்கிறான். அவனுக்குப் பீடிப் பழக்கம் கிடையாது.