கொய்யாவின் முதல் பூ

"விதைக் கன்னே போதுங்க," என்றாள் நர்சரியில் கொய்யாக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி. "ஒட்டுக் கன்னு சீக்கிரம் காய்ச்சு சீக்கிரம் ஓஞ்சு போயிடும். விதைக் கன்னுன்னா மரமா நிக்கும். என்ன அவசரம்? நாம எங்க ஓடப் போறோம்?"

மெக்கானிக் ஒட்டுக் கன்றுகள் இருந்த பக்கம் நகர்ந்தார்.

முந்தின நாள்தான் டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த வெயில் காலத்தை அவள் பார்ப்பதே சந்தேகமாம். வெளியே வந்து அவளிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தை. அல்சர்.

"ஒட்டுக் கன்னுதான்! மொட்டு விட்டதா பார்த்துக் கொடுங்கய்யா."

நர்சரிக்காரர் சிரித்தார். "சார் ரொம்பப் பசியில இருக்காரும்மா."

"இவரா? அடுப்புல வேகும்போதே தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கிற ஆளு!"

கேட்டுக்குப் போகன்வில்லா, ஜன்னலோரம் குரோட்டன்ஸ் என்று அழகுச் செடிகளை அவள் ஆசை ஆசையாகப் பொறுக்கினாள். நர்சரிக்காரரிடம் நின்று என்னென்னவோ விசாரித்தாள். மெக்கானிக் அதற்குள் தொட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

கொய்யா பிழைத்துக்கொண்டது. பல் விளக்குவதற்கு முன்பே மெக்கானிக் அதன் முன்னால் போய் நிற்பார். மொட்டுகள் வெள்ளை வெள்ளையாக விரிந்தன. அவள் கை வளையல்களோ முழங்கை வரை ஏறி இறங்கின. ஒரு பழம் போதும். தன் தோட்டத்துப் பழம் ஒன்றை அவள் கடித்துவிட்டால் போதும்.

ஒரு பூ உதிர்ந்து சுண்டைக்காய் அளவில் பிஞ்சு வைத்தது. அன்று ஒர்க்‌ஷாப்பில் விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

மறுநாள் காலை வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கொய்யா பூவில்லாமல் மொட்டையாக நின்றது. அவள் முந்தானை நிறையப் பூ; நடுவே அந்தப் பிஞ்சும்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"நர்சரிக்காரர்தாங்க சொன்னாரு. முதல் வருஷப் பூவைக் கிள்ளிடணுமாம். அப்பதான் வேர் பிடிச்சு அடுத்த வருஷம் கொத்துக் கொத்தா காய்க்குமாம்."

"அடுத்த வருஷம் யாருடி திங்கிறது?"

கத்திய பிறகுதான் என்ன கத்தினோம் என்று அவருக்கே உறைத்தது.

அவள் அவரையே பார்த்தாள். "அல்சர் இல்லையா?"

'நாளைக்கு வண்டி ரெடி சார்' என்று தினமும் கூசாமல் புளுகிய வாய். இப்போது ஒரு பொய்கூட வரவில்லை.

"பசங்களுக்குத் தெரியுமா?"

ஆமென்று தலையை ஆட்டினார்.

"ஊருக்கே தெரியும். செத்துப்போறவளுக்கு மட்டும் தெரியாது."

கையைப் பிடிக்கப் போனார். தட்டிவிட்டாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அவர் ஈர மண்ணில் மண்டியிட்டு இலை இலையாக விலக்கிப் பார்த்தார். ஒரு மொட்டாவது அவள் கண்ணுக்குத் தப்பியிருக்காதா?

எந்த வேலையையும் அவள் அரைகுறையாகச் செய்தவளில்லை.